மணி அடிக்காத ஃபைல்கள்

அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று முதலில் சொன்னது தம்பி இல்லை, அப்பாதான்.

வீட்டைக் காலி செய்ய மூன்று நாள் லீவு போட்டு வந்திருந்தேன். கடைசி நாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தம்பி வண்டியோடு வருவான். அப்பாவும் அவருடைய கட்டிலும் இரண்டு பெட்டித் துணியும் அவன் வீட்டுக்குப் போகிறார்கள். மற்றதெல்லாம் அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பொறுத்தது. அறை அறையாக நடந்து, விரலை நீட்டித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார். இது இருக்கட்டும், இது போகட்டும். கால் ஆடும் ஒரு ஸ்டூலுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்று யோசித்தவர், ஜன்னலோரக் கம்ப்யூட்டருக்கு முன்னால் ஐந்து நொடிகூட நிற்கவில்லை.

"இது போகட்டும்மா. இதுல இருக்கிறது எல்லாம்தான் உங்கிட்ட இருக்கே."

"ஆமாப்பா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வருஷக்கணக்காக அப்பாவுக்கு நான் சொல்லிவரும் பதில்களில் அதுவும் ஒன்று. வாய் தானாகச் சொல்லிவிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரை அங்கே வைத்தவள் நான். என் வேலையைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே புரியாது. எங்கேயோ ஒருவர் எடுத்த வீடியோ வேறு எங்கேயோ ஒருவருடைய போனில் திக்காமல் ஓட வேண்டுமானால், நடுவில் யாராவது அதைச் சுருக்கி, எல்லாக் கருவிகளுக்கும் ஒத்துவருகிற மாதிரி மாற்றி அனுப்ப வேண்டும். அந்த நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவள் நான். கையால் செய்ய மாட்டோம். ஒரு ஃபோல்டரை இருபத்துநாலு மணி நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும்படி ஒரு புரோகிராம் எழுதிவிடுவோம். அந்த ஃபோல்டரில் எது வந்து விழுந்தாலும் புரோகிராம் அதை எடுத்துச் சுருக்கும், போக வேண்டிய ஊருக்கு அனுப்பும், பிறகு அடுத்தது வருகிறதா என்று பார்க்கும். தூங்காத, முணுமுணுக்காத, சம்பள உயர்வு கேட்காத வேலையாள்.

அப்பாவும் அம்மாவும் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருந்தார்கள் அப்போது. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து ஒரு போன் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் மலை மாதிரி பெரிசு, போகாது. "சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு" என்று அம்மா போனில் வர்ணனை சொல்லுவாள். அந்த லீவில் வந்தபோது என் பழைய கம்ப்யூட்டரை இங்கே வைத்து, அலுவலகத்தில் ஊருக்கெல்லாம் செய்கிற வேலையை என் வீட்டுக்கு ஒரு முறை செய்து கொடுத்தேன். ஒரு ஃபோல்டர். அதற்கு "அவளுக்கு" என்று பெயர் வைத்தது அப்பா. போனைக் கம்பியில் மாட்டி, வீடியோக்களை அதில் இழுத்துப் போட்டால் போதும். மீதியை மெஷின் பார்த்துக்கொள்ளும். என் வீட்டில், டிவிக்குக் கீழே, ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இங்கே போட்டது அங்கே வந்து இறங்கிவிடும்.

"அது போச்சா போகலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அப்பா கேட்டார்.

அப்பா முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிப் பேர் அவர் எண்ணெய் போட்ட கம்பியில்தான் மேலே போய்க் கீழே வந்திருக்கிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

"திரையில எழுதி வரும்பா."

"யாரு கண்ணாடி தேடி எடுத்துப் படிக்கிறது? எனக்கு ஒரு மணி வை."

வைத்தேன். லிஃப்ட் வந்து நின்றால் அடிக்குமே, அதே மாதிரி ஒரு 'டிங்'. அது அடித்துவிட்டால் போனில் இருக்கிற வீடியோவை அழித்துவிடலாம் என்று நானே சொல்லிக் கொடுத்தேன். போனில் இடம் கம்மி. கம்ப்யூட்டரிலும் இடம் கம்மி என்பதால் அங்கேயும் சிக்கனம்: அனுப்ப முடியாமல் முப்பது நாள் கிடக்கிற எதையும் அழித்துவிடு என்று ஒரு வரி. முப்பது நாள் எதற்காகக் கிடக்கப் போகிறது? அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள நான் இருப்பேனே. அந்த வரியை எழுதும்போது என்னை ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போகிற டாக்ஸி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அதற்கு முந்தின நாள் இன்னொரு வரி சேர்த்திருந்தேன். அப்பா வீடியோ எடுக்கிற அழகு அப்படி. அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் ஆபரேட்டர். லைன் கிடைத்துவிட்டது என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு வார்த்தை பேச மாட்டாள். கேமராவுக்கு முன்னால் நின்றாலும் அதே கதைதான். முதலில் "ஓடுதா?" என்று கேட்பாள். அப்பாவுக்கு ஓடுகிறதா என்று சந்தேகம் வந்துவிடும். உறுதி செய்துகொள்ள அந்தப் பட்டனையே இன்னொரு தரம் அழுத்துவார். நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. ஆகவே மூன்று நாலு வீடியோவுக்கு ஒரு தரம், மூன்று நொடி, நாலு நொடியில் ஒரு குட்டி வீடியோ இலவசம். இந்தக் குப்பையெல்லாம் எனக்கு எதற்கு என்று, ஐந்து நொடிக்குக் குறைந்த எதையும் சுருக்காதே, அனுப்பாதே, ஓரமாகத் தள்ளிவிடு என்று எழுதினேன். அன்றைக்கு அதை ரொம்பக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

முதல் ஆறு மாதம் சொர்க்கம். வேலை முடிந்து வந்து, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்காருவேன். அம்மா பால்கனியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். மாடிப்படியில் அண்டை வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கும். அம்மா செய்தித்தாளில் தலைப்புச் செய்திகளை மட்டும் தன் ஆபரேட்டர் குரலில் வாசிப்பாள். விபத்தோ விலைவாசியோ, எல்லாமே அந்தக் குரலில் "சற்று லைனில் இருங்கள்" என்பது போலத்தான் கேட்கும். மறுநாள் அப்பா போன் செய்வார்.

"அனுப்பினேனே, பாத்தியா?"

"பாத்தேன்பா. அந்தப் பூனை இன்னும் படியிலதான் இருக்கா?"

அப்புறம் வீடு மாற்றினேன். அந்தப் பெட்டி சமையல் சாமான்களோடு ஒரு அட்டைப்பெட்டிக்குள் போனது. புது வேலை, புதுப் பதவி, தலைக்கு மேல் வேலை. அடுத்த வாரம் எடுத்து மாட்ட வேண்டும் என்று நினைத்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அப்பா மட்டும் தவறாமல் போன் செய்தார்.

"அனுப்பினேனே, பாத்தியா?"

முதல் தடவை "பெட்டியை இன்னும் மாட்டலப்பா" என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "பாத்தேன்பா, நல்லா இருந்துச்சு" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். இரண்டாம் தடவை இன்னும் சுலபமாக வந்தது. எங்கே போய்விடப் போகிறது, எல்லாம் அங்கே அப்பாவிடம் பத்திரமாக இருக்கும், மொத்தமாக உட்கார்ந்து ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். அப்பாவிடம் இருக்கும் என்று நான் நினைத்தேன். என்னிடம் வந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். பத்து நாள் வந்து இருந்தேன். அந்தப் பத்து நாளில் இந்த ஜன்னலோரம் ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளம்பும்போது அப்பா சொன்னார், "வீடியோல்லாம் உங்கிட்ட இருக்குல்ல, அது போதும்." அதற்கும் ஆமாப்பா என்றுதான் சொன்னேன்.

இதெல்லாம் மனசுக்குள் ஓட, அப்பா அடுத்த அறைக்குத் தீர்ப்புச் சொல்லப் போன பிறகு, கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருந்த துணியை எடுத்தேன். அம்மாவின் பழைய புடவையில் தைத்த உறை. ஓரம் மடித்து, மூலையில் ஒரு நாடா வைத்து, கம்பி வெளியே வர ஓட்டையும் விட்டிருந்தாள். மேஜைக்குக் கீழே குனிந்து பட்டனை அழுத்தினேன். காற்றாடி இருமிக்கொண்டு எழுந்தது.

திரையில் "அவளுக்கு" ஃபோல்டர் அதே இடத்தில் இருந்தது. திறந்தேன். காலி. அனுப்பக் காத்திருக்கிறவை இருக்கும் இடத்தைத் திறந்தேன். அதுவும் காலி.

அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன். எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது, அட்டைப்பெட்டிக்குள் இருக்கிற அந்தப் பெட்டியில் எப்படியோ எல்லாம் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் முழுசாக நம்பினேன். மின்சாரமே இல்லாத பெட்டிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று, இதே வேலையில் பதினாறு வருஷம் தின்று கொழுத்த எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பிறகு புரோகிராமின் நாட்குறிப்பைத் திறந்தேன். என்ன செய்தோம் என்று அது தேதியோடு எழுதி வைக்கும். அப்பாவுக்குப் புரிய வேண்டுமே என்று எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதும்படி செய்திருந்தேன். அப்பா ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பெயர் வைத்திருந்தார்.

"அம்மா கண்ணாடி தேடுறா. சுருக்கிவிட்டேன். மணி அடித்துவிட்டேன். அனுப்பிவிட்டேன்."

ஆறு மாதம் இப்படியே வந்தது. நான் வீடு மாற்றிய தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த நாளிலிருந்து வேறு மாதிரி.

"மழை 2. சுருக்கிவிட்டேன். மணி அடித்துவிட்டேன். அனுப்ப முடியவில்லை. மறுபடி முயல்கிறேன்."

"மழை 2. அனுப்ப முடியவில்லை. மறுபடி முயல்கிறேன்."

முப்பது நாள் கழித்து: "மழை 2. அழித்துவிட்டேன்."

எல்லாம் நான் எழுதிய வாக்கியங்கள். கீழே உருட்டிக்கொண்டே போனேன். அம்மா ரேடியோ துடைக்கிறா. அழித்துவிட்டேன். பூனை திரும்ப வந்துருச்சு. அழித்துவிட்டேன். அம்மா உன் பழைய ஸ்வெட்டரைப் பிரிச்சு நூல் எடுக்கிறா. அழித்துவிட்டேன். அம்மா ஒரு விஷயம் சொல்றா. ஆறு நிமிஷம் பன்னிரண்டு நொடி. அழித்துவிட்டேன்.

அழித்தவற்றை எண்ணச் சொன்னேன். அறுநூற்று முப்பத்தெட்டு என்றது. அந்தக் குட்டி டிஸ்கில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதி அழித்திருக்கும். தோண்டி எடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. மற்றவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்லிப் பழக்கப்பட்டவள் நான். "வருந்துகிறோம்" என்று தொடங்கும் கடிதம் ஒன்று அலுவலகத்தில் தயாராகவே இருக்கும்.

மணியை எந்த வரியில் வைத்தேன் என்று தேடிப் பார்த்தேன். சுருக்கி முடித்ததும் மணி. அதற்கு அடுத்த வரியில்தான் அனுப்புவது. ஒரே ஒரு வரி கீழே வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் நான் வீடு மாற்றிய மறுநாளே மணி அடிக்காமல், அப்பா போனில் என்னைத் திட்டி, நான் அந்த அட்டைப்பெட்டியைப் பிரித்திருப்பேன்.

முதலில் தோன்றிய எண்ணத்தையும் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் தம்பி வந்து இதைத் தூக்கிப் போய்விடுவான். அப்பா கேட்டால் "எல்லாம் பத்திரமா இருக்குப்பா" என்று ஒரு வரி. அவருக்கு எழுபத்தைந்து வயது. சொல்லாவிட்டால் நிம்மதியாகத் தம்பி வீட்டில் இருப்பார். அணைக்கும் பட்டன் வரை விரல் போய்விட்டது.

"என்னம்மா, இன்னும் அதையே பாத்துட்டு இருக்க?"

அப்பா இரண்டு டம்ளர் டீயோடு வாசலில் நின்றார். பாத்திரங்களைக் கட்டிவிட்டதால் ஒன்று எவர்சில்வர், ஒன்று பல் விளக்க வைத்திருந்த பிளாஸ்டிக். எவர்சில்வரை என்னிடம் நீட்டினார்.

"அப்பா, உட்காருங்க."

கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்தார். அது இருக்கட்டும் என்று தீர்ப்பாகியிருந்தது.

"நீங்க அனுப்பினதை நான் பாக்கலப்பா. முதல் ஆறு மாசம் பாத்தேன். அப்புறம் ஒண்ணுகூடப் பாக்கல. பாத்தேன் பாத்தேன்னு சொன்னது எல்லாம் பொய்."

அப்பா டீயை ஊதிக் குடித்தார்.

"தெரியும்" என்றார்.

டம்ளரை மேஜையில் வைத்தேன்.

"எப்படித் தெரியும்?"

"ஒரு நாள் சந்தேகம் வந்துச்சு. எதை அனுப்பினாலும் நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சுங்கிற. சரி, பாப்போம்னு ஃபேனை எடுத்தேன். கட்டில்ல படுத்துக்கிட்டு மேல ஃபேனை மட்டும் ரெண்டு நிமிஷம். ஆள் இல்ல, பேச்சு இல்ல. அதை அனுப்பிட்டு உனக்குப் போன் போட்டேன். பாத்தியான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"அம்மா இளைச்ச மாதிரி தெரியறாங்கப்பான்னு சொன்ன."

சிரித்தார். கிண்டலில்லை, நிஜமாகவே அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கு? மணி அடிச்சாப் போதும் அவளுக்கு. பக்கத்துல நின்னு கேப்பா. 'ம், கனெக்ஷன் குடுத்தாச்சு'ன்னு சொல்லிட்டுப் போய் வேலையப் பாப்பா. நாம கனெக்ஷன் குடுக்கிற ஆளு, அந்தப் பக்கம் எடுக்கிறதும் எடுக்காததும் அவங்க சௌகரியம்னு சொல்லுவா, அதுவும் அவளோட ஆஸ்பத்திரிப் பாடம்தான்."

"பின்ன நீங்க ஏன் அனுப்பிட்டே இருந்தீங்க?"

"இன்னிக்குப் பாக்கலன்னா என்ன, அங்கதானே இருக்கு. என்னிக்காவது உனக்குத் தேடும். அன்னிக்குப் பாப்பன்னு நெனச்சேன்."

அவருக்குத் தெரிந்தது பாதிதான். நான் பார்க்கவில்லை என்பது தெரியும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை என்பது தெரியாது.

சொன்னேன். பெட்டியை மாட்டாததை, முப்பது நாள் வரியை, மணி ஒரு வரி மேலே இருந்ததை, அறுநூற்று முப்பத்தெட்டை. சுற்றி வளைக்காமல், அவர் கண்ணைப் பார்க்காமல், திரையைப் பார்த்தே சொன்னேன். முடித்தபோது என் டீயில் ஆடை படிந்திருந்தது.

அப்பா பிளாஸ்டிக் டம்ளரைத் தரையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடத்தில் யாரோ பால்கனிக் கம்பியில் படுக்கை விரிப்பை உதறிக் காயப்போட்டார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணி எதுக்கு அடிக்கிறோம்?" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. வேலையில் தப்புச் செய்த சக மெக்கானிக்கிடம் கேட்பது போல இருந்தது. "மாடி வந்து, நின்னு, மட்டம் சரியா இருந்தா அடிக்கணும். கெளம்பும்போதே அடிச்சா, ஆளு கதவைத் திறந்து குழியில காலை வைப்பான்."

"ஆமாப்பா" என்றேன். முதல் தடவையாக அந்த வார்த்தையை யோசித்துச் சொன்னேன்.

"அவ என்னமோ ஒரு விஷயம் சொன்னா ஒரு நாள். உனக்குன்னு, நாற்காலி போட்டு உக்காந்து."

"ஆறு நிமிஷம்" என்றேன். "என்னப்பா சொன்னாங்க?"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார். "தெரியலம்மா. நான் பட்டன்ல கை படாம இருக்கணும்னு அதையே பாத்துட்டு இருந்தேன். அதான் உங்கிட்ட போயிருமேன்னு காதுல வாங்கல."

அப்போது அழுதேன். அம்மா இறந்தபோதுகூட நாலு பேருக்கு நடுவில் அடக்கமாக அழுதவள், அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அப்பா எழுந்து வந்து தோளைத் தட்டவெல்லாம் இல்லை. அவர் அந்த ரகம் இல்லை. ஒரு இயந்திரம் நின்றுவிட்டால் எந்த இடத்தில் நின்றது என்று மனசுக்குள் தடவிப் பார்ப்பாரே, அப்படி உட்கார்ந்திருந்தார்.

"இரு" என்றார். "மணி அடிச்சதெல்லாம் கெளம்பிருச்சு. சரி. அடிக்காதது?"

"என்னது?"

"ஒரு தடவைக்கு நாலஞ்சு இழுத்துப் போடுவேன்ல, அதுல மூணு நாலுக்குத்தான் மணி அடிக்கும். குட்டியா இருக்குமே, அதுக்கு அடிக்கவே அடிக்காது. உன்கிட்ட கேக்கணும்னு நெனச்சு மறந்துபோச்சு. அடிக்கலன்னா லிஃப்ட் இன்னும் கீழதானே நிக்குது?"

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். ஐந்து நொடி வரி. ஓரமாகத் தள்ளச் சொன்னேன். எங்கே தள்ளச் சொன்னேன் என்பதே மறந்துபோயிருந்தது. அழிக்கச் சொன்னேனா? புரோகிராமைத் திறந்து படித்தேன். "குப்பை" என்று ஒரு ஃபோல்டருக்கு நகர்த்து. அவ்வளவுதான். குப்பையை எப்போது கொட்டுவது என்று எழுதவில்லை. மறுநாள் எழுதலாம் என்று விட்டிருப்பேன், மறுநாள் டாக்ஸி வந்துவிட்டது.

திறந்தேன். இருநூற்றுப் பதினொன்று இருந்தது.

"வந்துருக்கா?" என்று அப்பா ஸ்டூலோடு நகர்ந்து வந்தார்.

எல்லாவற்றையும் ஒன்றின் பின் ஒன்றாக ஓடும்படி வரிசையில் போட்டேன். முதலில் வந்தது அப்பாவின் கட்டைவிரல். அடுத்ததும் கட்டைவிரல். மூன்றாவது சமையலறைத் தரை. நாலாவதில் அம்மா. பால்கனியில், கையில் தண்ணீர்ச் செம்போடு, தலையைச் சாய்த்து எங்களையே பார்த்து, "ஓடுதா?" என்றாள். நின்றது.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கதவு நிலையில் சாய்ந்து, "ஓடுதா?" வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு, புருவத்தால் "ஓடுதா?" நாலு நொடி முழுக்கப் பேச்சில்லை, முந்தானையைச் சரிசெய்து, மேஜைமேல் கிடந்த செய்தித்தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பேசுவதற்காக வாயைத் திறந்தாள். நின்றது. ஒரு முழங்கால். ஒரு பூனை வால். "இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கிறேன்." நின்றது. "பச்சை விளக்கு எரியுதா?" அப்பாவின் குரல், "எங்க எரியுது?" நின்றது.

ஒரு இடத்தில்கூட அவள் எதையும் சொல்லி முடிக்கவில்லை. ஆனால் இருநூற்றுப் பதினொன்றில் அம்மா இருந்த எல்லாவற்றிலும் நேராகக் கேமராவைப் பார்த்தாள், சொல்ல ஏதோ ஒன்று தயாராக இருக்கிற முகத்தோடு. முதல் ஆறு மாதம் நான் சோறு தின்றுகொண்டே பார்த்த நல்ல வீடியோக்களில் அவள் செடியைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், செய்தித்தாளைப் பார்த்தாள். இவற்றில்தான் என்னைப் பார்த்தாள். முடி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஒரு கட்டத்தில் கைத்தடி வந்தது. பிறகு நிற்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே கேட்டாள். குரல் மட்டும் அதே ஆஸ்பத்திரிக் குரல்.

எப்போது தம்பி வந்தான் என்று தெரியாது. வாசலில் செருப்போடு நின்றுகொண்டு, "அக்கா, இதையும் ஏத்திடலாமா, குப்பைக்குத்தானே?" என்று கேட்க வந்தவன், கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றான். அந்தப் பதினோரு நிமிஷமும் ஓடி முடியும்வரை யாரும் நகரவில்லை.

கடைசியில் வந்தது நாலு நொடி. அம்மா கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். அந்த ஒரு தடவை மட்டும் ஓடுதா என்று கேட்கவில்லை.

"அவ லைன்ல இருக்காளா?" என்று கேட்டாள்.

நின்றது. திரை கறுத்தது. ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தில் படுக்கை விரிப்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா என் பக்கம் திரும்பினார். வருஷக்கணக்காகப் போனில் கேட்ட அதே குரலில், அதே அவசரமில்லாமல், கேட்டார்.

"பாத்தியா?"

"பாத்தேன்பா" என்றேன்.